விலைச்சீட்டில் இல்லாத எண்

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் லிட்டில் இந்தியாவின் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் மட்டுமன்றி மின்சாதனக் கடைகளிலும் கூட்டம் அலைமோதும். பண்டிகைக்குப் புதுத் தொலைக்காட்சி வாங்க வேண்டும் என்று மாதக்கணக்கில் பணம் சேர்த்து வைத்த குடும்பங்கள் அங்கே வருவதுண்டு. கடைச் சுவர் முழுவதும் திரைகள். ஒன்றில் மயில் தோகை விரிக்கும். இன்னொன்றில் கடலடியில் வண்ண மீன்கள் நீந்தும். வருபவர்கள் திரையின் அளவைப் பார்க்கிறார்கள், வண்ணத்தைப் பார்க்கிறார்கள், கடைசியாக விலைச்சீட்டைப் பார்க்கிறார்கள். பிடித்திருந்தால் வாங்குகிறார்கள்.

அப்படி 65 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றை வாங்கிய ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பாட்டிக்கு வசந்தம் ஒளிவழியின் தொடர் நாடகங்கள் பிடிக்கும். உயர்நிலை இரண்டில் படிக்கும் பேரனுக்குக் காணொளி விளையாட்டு பிடிக்கும். பழைய சிறிய திரையில் நன்றாக விளையாடி வந்த அவன், புதிய பெரிய திரையில் தோற்றுக்கொண்டே இருக்கிறான். பள்ளத்தைத் தாண்ட வேண்டிய வீரன் பள்ளத்தில் விழுகிறான். "நான் சரியான நேரத்துலதான் அழுத்துறேன்மா, திரையிலதான் லேட்டா வருது" என்கிறான். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். போய்ப் படிடா" என்று அம்மா சொல்லிவிடுகிறார்.

பழமொழி நல்ல பழமொழிதான். ஆனால், இந்த வீட்டில் கூடம் உண்மையாகவே கோணலாக இருக்கிறது.

கையில் உள்ள கருவியின் பொத்தானை அழுத்தும் கணத்திற்கும், அதன் விளைவு திரையில் தெரியும் கணத்திற்கும் இடையே சிறிது நேரம் கடக்கிறது. இதை உள்ளீட்டுத் தாமதம் என்பார்கள். அதில் ஒரு பகுதி விளையாட்டுக் கருவியால் ஏற்படுகிறது. மற்றொரு பகுதி தொலைக்காட்சியால் ஏற்படுகிறது. வாங்குபவர் அறியாமல் வீட்டுக்குள் வருவது இந்த இரண்டாவது பகுதிதான்.

முன்பு வீடுகளில் இருந்த கனமான படக்குழாய்த் தொலைக்காட்சியில் இந்தச் சிக்கல் ஏறக்குறைய இல்லை. குறிப்பலை வந்து சேரச் சேர, அது வரி வரியாகத் திரையில் படத்தை வரைந்துவிடும். இன்றைய தட்டைத் திரை அப்படிச் செய்வதில்லை. வரும் படத்தை முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறது. பிறகு அதைத் திரையின் அளவுக்கு ஏற்ப விரிக்கிறது, புள்ளிகளைத் துடைக்கிறது, வண்ணத்தைக் கூட்டுகிறது. அசைவை வழவழப்பாகக் காட்டும் வசதி இருந்தால், இரண்டு படங்களுக்கு நடுவே புதிதாக ஒரு படத்தைத் தானே உருவாக்கிச் செருகுகிறது. நடுவில் வரும் படத்தை உருவாக்க வேண்டுமானால் அடுத்த படம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும் அல்லவா? எனவே, அடுத்த படம் வரும்வரை தொலைக்காட்சி காத்திருக்கிறது. பொத்தானை அழுத்திய மாணவனும் அதோடு சேர்ந்து காத்திருக்கிறான்.

இந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம்? பல விளையாட்டுகள் விநாடிக்கு 60 படங்களைக் காட்டுகின்றன. அப்படியானால், ஒரு படத்துக்கு ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி ஆகிறது. படத்தை மெருகூட்டும் வசதிகள் எல்லாம் இயங்கும்போது, சில தொலைக்காட்சிகளின் தாமதம் 100 மில்லிவிநாடியைக்கூட எட்டுகிறது. அதாவது, திரையில் தெரிவது ஆறு படங்களுக்கு முன்பு நடந்து முடிந்த ஒன்று.

நூறு மில்லிவிநாடி என்பது விநாடியில் பத்தில் ஒரு பங்குதானே, இதற்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் கேட்கலாம். 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் ஜோசப் ஸ்கூலிங் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணி நீச்சலில் 50.39 விநாடியில் தங்கம் வென்றதைச் சிங்கப்பூரர்கள் மறக்கமாட்டார்கள். அவருக்குப் பின்னால் மைக்கல் ஃபெல்ப்ஸ் உள்ளிட்ட மூவர் ஒரே நேரத்தில், 51.14 விநாடியில், சுவரைத் தொட்டு வெள்ளிப் பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டனர். நீச்சல் போட்டியில் விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை கணக்கிடுகிறார்கள். அப்படிப்பட்ட பத்துப் பங்குகளைத்தான் அந்தத் தொலைக்காட்சி ஓசையில்லாமல் எடுத்துக்கொள்கிறது.

மனிதன் ஒன்றைக் கண்டு கையை அசைக்கவே ஏறத்தாழ 200 மில்லிவிநாடிக்கு மேல் ஆகிறது, எனவே இந்தச் சிறிய தாமதத்தை யாராலும் உணர முடியாது என்ற வாதமும் உண்டு. கேட்பதற்குச் சரியாகத் தோன்றினாலும் இதில் ஒரு பிழை இருக்கிறது. தொலைக்காட்சியின் தாமதம் அந்த 200க்குள் அடங்கிவிடுவதில்லை; அதற்கு மேலே வந்து சேர்கிறது. அத்துடன், பழகிய கை எப்போதும் பார்த்துவிட்டுத்தான் அசையும் என்பதில்லை. மிருதங்கம் வாசிப்பவர் பாடகரின் தாளம் காதில் விழுந்த பிறகு கையை உயர்த்துவதில்லை. அடுத்த அடி எப்போது விழ வேண்டும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். 2020ல் கொவிட்-19 காரணமாக இசை வகுப்புகள் இணையத்திற்கு மாறியபோது இது பலருக்கும் புரிந்தது. ஆசிரியரும் மாணவர்களும் கணினி வழியே ஒன்றாகப் பாட முயன்றால் தாளம் சிதறியது. அவரவர் வீட்டில் அவரவர் தாளம் சரியாகத்தான் இருந்தது. இடையில் இருந்த தாமதம்தான் அதைக் கெடுத்தது. ஒருவர் பின் ஒருவராகப் பாடுவதே வழி என்றாயிற்று.

விளையாட்டுகளை உருவாக்கும் நிறுவனங்களுக்கு இது புதிய செய்தியன்று. கிட்டார் ஹீரோ, ராக் பேண்ட் போன்ற தாள விளையாட்டுகளில், வீட்டுத் தொலைக்காட்சியின் தாமதத்திற்கு ஏற்ப நேரத்தைச் சரிசெய்துகொள்ள ஒரு பகுதியே அமைத்திருந்தார்கள். அடுத்து எந்தச் சுரம் வரும் என்பது அந்த விளையாட்டுக்கு முன்பே தெரியும் என்பதால் அவ்வாறு சரிசெய்ய முடிகிறது. எதிரில் நிற்பவர் எப்போது குத்துவார் என்பது யாருக்கும் முன்பே தெரியாது. அங்கே இந்த உத்தி பலிக்காது.

இன்னும் வியப்பான ஒரு சான்று உண்டு. 1984ல் நின்டெண்டோ வெளியிட்ட 'டக் ஹன்ட்' விளையாட்டில், திரையில் பறக்கும் வாத்தைப் பொம்மைத் துப்பாக்கியால் சுட வேண்டும். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் வெள்ளைக் கட்டமாக ஒளிரும். அந்த ஒளியைத் துப்பாக்கி அந்தக் கணமே கண்டுகொண்டால் வாத்து விழும். அதே துப்பாக்கியை இன்றைய தட்டைத் திரையின் முன் நீட்டினால் ஒரு வாத்தும் விழாது. ஒளி தாமதமாக வருவதும் அதற்கு ஒரு காரணம். குறி தவறாமல் சுட்டாலும் பயனில்லை.

சிங்கப்பூரில் இதைப் பற்றிப் பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கே காணொளி விளையாட்டு வெறும் பொழுதுபோக்காக மட்டும் இல்லை. சியான் என்று அறியப்படும் ஹோ குன் சியான், 2013ல் லாஸ் வேகாசில் நடந்த இவோ போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 விளையாட்டின் வெற்றியாளரானார். அந்த விளையாட்டின் சில அடிகளைச் சரியாக ஒரே ஒரு படம் நீடிக்கும் நேரத்திற்குள், அதாவது 16.7 மில்லிவிநாடிக்குள், தொடுக்க வேண்டும். 2022 அக்டோபரில் டோட்டா 2 விளையாட்டின் உலகப் போட்டி இங்கு நடந்தது. 2023 ஜூனில் ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரம் சன்டெக் சிட்டியில் நடைபெற்றது. இத்தகைய போட்டிகளுக்கு, தாமதம் குறைந்த கணினித் திரைகளையே விளையாட்டாளர்கள் நாடுகிறார்கள். 2001ல் வந்த 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ' விளையாட்டுக்குப் பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிகளை இன்றும் தேடிப் பிடித்துச் சுமந்து வருபவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். (பழைய பொருள்களுக்குப் பெயர்போன சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்படாமல் இருந்திருந்தால், அவர்களில் சிலர் அங்கும் வந்து தேடியிருப்பார்கள்.)

போட்டியாளர்களுக்குத் தெரிந்த ஒன்று, தேக்காவில் தொலைக்காட்சி வாங்கும் ஒரு தாய்க்கு ஏன் தெரிவதில்லை? இந்தத் தாமதம் பார்ப்பவரின் கண்ணுக்குத் தெரியாது என்பதே காரணம். தொலைக்காட்சி படத்தைத் தாமதப்படுத்தும்போது ஒலியையும் அதே அளவு தாமதப்படுத்திவிடுகிறது. உதட்டசைவும் பேச்சும் பொருந்தி வருகின்றன. நாடகம் பார்க்கும் பாட்டிக்கு எந்தக் குறையும் தெரியாது. கடையில் ஓடும் மயிலும் மீனும் எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் அழகாகத்தான் இருக்கும். பொத்தானின் மேல் விரல் வைத்திருப்பவருக்கு மட்டுமே அது தெரியும். கடையிலோ பொத்தான் இல்லை.

கண்ணால் கண்டுபிடிக்க முடியாத ஒன்றை எண்ணாக எழுதிக் காட்டுவதுதான் நியாயம். இது சிங்கப்பூருக்குப் பழக்கமில்லாத செயலும் அன்று. ஒரு தொலைக்காட்சி எவ்வளவு மின்சாரம் செலவழிக்கும் என்பதும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் 2014 முதல் தொலைக்காட்சிகளில் எரிசக்தி முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. முத்திரையில் உள்ள 'டிக்' குறிகளை எண்ணிப் பார்த்து வாங்க இங்குள்ள பெற்றோர் பழகிவிட்டார்கள். பானத்தில் எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்பதும் தெரியாது. 2022 டிசம்பர் இறுதியிலிருந்து நியூட்ரி-கிரேட் எழுத்துகள் அதைச் சொல்கின்றன. அவற்றோடு இன்னோர் எண்ணையும் சேர்த்து, இந்தத் தொலைக்காட்சியின் உள்ளீட்டுத் தாமதம் இத்தனை மில்லிவிநாடி என்று விலைச்சீட்டில் அச்சிட்டால் என்ன?

கடைக்காரர்கள் இதை மறுக்கலாம். தொலைக்காட்சி வாங்கும் எல்லாருமா விளையாடுகிறார்கள் என்று அவர்கள் கேட்டால், அதில் உண்மை உண்டு. சர்க்கரை நோய் போலவோ மின்கட்டணம் போலவோ இது எல்லாரையும் தொடும் சிக்கலன்று. ஆகவே சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால், தயாரிப்பாளர்களும் கடைகளும் தாமாகவே செய்வதற்குத் தடை எதுவும் இல்லை. அளப்பதும் கடினமில்லை. ஒரு குறிப்பலையை அனுப்பி, திரையில் அது ஒளிரும் கணத்தை ஒளி உணரி கொண்டு கண்டறியும் சிறிய கருவிகள் இருக்கின்றன. கணினிப் பொருள்களுக்குப் பெயர்போன சிம் லிம் ஸ்குவேரில் விளையாட்டுக்கான திரை வாங்கச் செல்பவருக்கு எத்தனையோ எண்கள் காட்டப்படுகின்றன. வரவேற்பறைத் தொலைக்காட்சி வாங்குபவருக்கு மட்டும் மயில் தோகை போதுமா?

எண்ணை அச்சிட்டால் மட்டும் போதாது, சரியான எண்ணாகவும் அது இருக்க வேண்டும். சில பெட்டிகளில் '1 மில்லிவிநாடி' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது திரையின் ஒரு புள்ளி நிறம் மாற எடுத்துக்கொள்ளும் நேரம். பொத்தானுக்கும் திரைக்கும் இடையே உள்ள தாமதம் வேறு. அந்த 1ஐப் பார்த்து ஏமாந்து வாங்கினால், வீட்டுக்கு வருவது 80 அல்லது 100ஆகவும் இருக்கலாம். எந்த நிலையில் அளந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே தொலைக்காட்சியில் அது வெகுவாக மாறும்.

அப்படி மாறுவதால்தான் அந்த வீட்டு மாணவனுக்கு இப்போதே ஒரு வழி இருக்கிறது. இன்றைய தொலைக்காட்சிகள் பெரும்பாலானவற்றில் 'கேம் மோட்' என்ற விளையாட்டு நிலை உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் மெருகூட்டும் வேலைகளில் பலவற்றைத் தொலைக்காட்சி விட்டுவிடும். புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் தாமதம் 20 மில்லிவிநாடிக்கும் கீழே இறங்குகிறது. 2017ல் வெளிவந்த எச்டிஎம்ஐ 2.1 தரத்தில், விளையாட்டுக் கருவி இயங்கத் தொடங்கியதும் தொலைக்காட்சி தானாகவே இந்த நிலைக்கு மாறும் வசதியும் இடம்பெற்றது. ஆனால், தொலைக்காட்சி, விளையாட்டுக் கருவி இரண்டிலும் அவ்வசதி இருந்தால்தான் அது வேலை செய்யும். பழைய கருவி வைத்திருப்பவர்கள் அமைப்புகளுக்குள் நுழைந்து கையால்தான் மாற்ற வேண்டும். அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும்.

அந்த மாணவன் தேடிக் கண்டுபிடித்து மாற்றினான் என்று வைத்துக்கொள்வோம். வீரன் பள்ளத்தைத் தாண்டிவிடுகிறான். அம்மாவே கருவியை வாங்கி, பழைய நிலையில் ஒரு முறை, புதிய நிலையில் ஒரு முறை அழுத்திப் பார்க்கிறார். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கிறார். பாட்டிக்குத்தான் கவலை. "என் நாடகம் வெளுத்துப் போயிடுமாய்யா?" என்று கேட்கிறார். போகாது. பல தொலைக்காட்சிகள் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியாக அமைப்பை நினைவில் வைத்துக்கொள்கின்றன. விளையாட்டுக் கருவி செருகியிருக்கும் இணைப்பில் மட்டும் விளையாட்டு நிலை இருந்தால் போதும். நாடகம் வரும் இணைப்பில் வண்ணம் அப்படியே இருக்கும்.