சப்ஊஃபர் வேண்டாம், சீட்டை அதிர விடுங்கள்



கார் ரேஸ் கேம் ஆடும் பையனுக்குப் பெரிய சப்ஊஃபர் வாங்கித் தரலாமா என்று உங்களில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நம் சேவூருக்கு அது வேண்டாம் என்பேன். வகுப்பில் போட்ட கணக்குத்தான்: 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர். ஒன்பது அங்குலச் சுவர் அதை என்ன செய்துவிடும்? பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டில் பகலில் தூங்குகிறவர் என்ன பாவம் செய்தார்?

டேக்டைல் டிரான்ஸ்டியூசர் என்று ஒன்று இருக்கிறது. ஸ்பீக்கர் போலத்தான், கூம்பு மட்டும் கிடையாது. சீட்டுக்கு அடியில் போல்ட் போட்டு முடுக்கி ஆம்ப்ளிபயரோடு இணைத்தால், காற்றுக்குப் பதில் சீட்டை அசைக்கும். என்ஜின் உறுமுவதும் டயர் ரோட்டோர மேட்டில் ஏறுவதும் முதுகுக்கே தெரியும். தறி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மிஷின் ஓட்டம் மாறினால் கால் சொல்லிவிடும். செட்டிபாளையம் கரி டிராக்கில் நிஜக் கார் வளைவில் உடம்பைத் தள்ளுமே, அது மட்டும் இதில் வராது.

காதுக்கு ஹெட்போன் போதும். சீட் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த ரப்பர் வையுங்கள். மாடியில் ஆடுவதென்றால் கட்டாயம் வையுங்கள், இல்லாவிட்டால் அதிர்வு தளம் வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கிவிடும்.