குற்றவாளி சிக்காவிட்டாலும் உரிமை உண்டு!

சகோதரா! கடையடைத்து வீடு திரும்பிய வணிகர் ஒருவர் வெட்டப்படுகிறார். வெட்டியவன் யாரென்றே தெரியவில்லை. "இனி யாரிடம் கேட்பது?" என்று குடும்பம் முடங்குகிறது.

முடங்க வேண்டாம்! 2009 டிசம்பர் 31 முதல் சட்டத்தில் வழி உண்டு. இன்று அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-வது பிரிவு. குற்றவாளி அகப்படாமல் வழக்கு நடக்காவிட்டாலும், பாதிக்கப்பட்டவரோ அவரை நம்பியிருந்தவர்களோ மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கேட்கலாம். ஆணைக்குழு 2 மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும்.

ஆனால் காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம், ஆணைக்குழு என நான்கு வாசலையும் அடிபட்டவரே ஏறி இறங்க முடியுமா? ஒவ்வொரு மஹல்லாவும் வணிகர் சங்கமும் படித்த இளைஞர் இருவரை இப்பணிக்கு நியமிக்கட்டும். அதிகாரிகளோடு அவர்கள் இன்றே அறிமுகமாகட்டும். பாதிக்கப்பட்டவர் எச்சமயத்தவரானாலும் மனு எழுதித் தரட்டும்.

கண்டனச் சுவரொட்டி ஒட்டினோம், சரி. மனு கொடுத்தோமா?