நோயாளர் துயிலும் நம் கடமையும்

மருத்துவத்தின் கூறுகள் நான்கென வகுத்த திருவள்ளுவனார், நோயாளன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு, அருகிருந்து பேணுவானையும் 'உழைச்செல்வான்' எனப் பெயரிட்டு ஒப்ப வைத்தனர். அவ்வுழைச்செல்வார் புரியும் பணிகளுள், நோயாளரைத் துயிலச் செய்தலும் ஒன்றென்பதை நம்மவர் பெரிதும் கருதுவதில்லை. மருந்து ஒரு வேளை தவறின் மனம் பதைக்கும் நாம், உறக்கம் ஓரிரவு தவறின் வினவுவதுமில்லை.

துயில் வெறும் ஓய்வன்று. ஆழ்ந்த துயிலிலேயே குழந்தையின் வளர்ச்சிக்குரிய சுரப்பு மிகுதியாக ஊறுகின்றது. 3 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரம் உறக்கம் வேண்டுமென அமெரிக்க உறக்க மருத்துவ அறிஞர் 2016-இல் வரையறுத்தனர். முதியோர்க்கோ துயிலின்மை வலியைப் பெருக்கும். சித்தக் கலக்கத்திற்கும் வழி கோலும். இவற்றையெல்லாம் கருவிகொண்டு ஆராய்வதற்கு நெடுங்காலம் முன்னரே, பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் எழுதிய செவிலியர் நூலில், ஓசையைப்பற்றித் தனி அதிகாரமே அமைத்தனர்.

ஆகலின் யாம் வேண்டுவன சில. வெப்பம் பார்க்க ஒருமுறை, ஊசியிட ஒருமுறை என இரவில் பன்முறை எழுப்பாது, இயன்றவற்றை ஒருங்கே முடித்தல் வேண்டும். விளக்கொளியைத் தணித்தல் வேண்டும். தூக்க மாத்திரையை நாடுமுன் வலியையும் அச்சத்தையும் தணிக்க முயலல் வேண்டும். குழந்தைக்கு அன்னை அருகிருத்தலும், வீட்டில் பழகிய தாலாட்டும் போர்வையும் பெருந்துணையாம்.

கடும் பிணியாளரை அடிக்கடி எழுப்பிப் பார்த்தல் இன்றியமையாததன்றோ எனின், ஆம்; அதனை யாம் மறுக்கவில்லை. ஆயின் அவர்பொருட்டு அக்கூடம் முழுதும் விழித்திருத்தல் வேண்டுவதில்லை. படுக்கை பலவும் செவிலியர் சிலருமாயின் இவை யாங்ஙனம் கூடும் எனின், அது செவிலியரை மிகுவித்தற்குக் காரணமாகுமேயன்றி, நோயாளர் துயிலை மறுத்தற்குக் காரணமாகாது.

இனி, குறை செவிலியர் மேற்றன்று, பெரும்பகுதி நம்மேலதே. மருத்துவமனையைச் சூழ 100 மீட்டர்க்குக் குறையாத இடத்தை அமைதிப் பகுதியாக அறிவிக்க 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இடந்தருகின்றன. அங்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஓசை 40 டெசிபெல்லைக் கடத்தலாகாது. கோயமுத்தூர்த் திருச்சி சாலையில், அரசினர் மருத்துவமனை வாயிலைக் கடக்கும் நாம் இதனை நினைத்தல் வேண்டும். கொங்கு நாட்டுச் சிற்றூர்களினின்றும் வந்தோர் அங்கே நோயொடு படுத்திருக்கின்றனர். ஹாரன் ஒலியாமை, நோயாளரைக் காணச் செல்லுங்கால் கூட்டமாகச் செல்லாமை, கைப்பேசியை அடக்கி வைத்தல் ஆகிய மூன்றும் பொருட்செலவின்றி மாணாக்கராகிய நாம் இன்றே மேற்கொள்ளத்தக்கன.