மாத்திரைப் பையை யார் பார்ப்பது?

இரும்பையிலிருந்து மரக்காணம் உப்பளம் வரை, முதுமையிலும் உழைக்கும் ஒருவரின் மாத்திரைப் பையை அவிழ்த்துப் பாருங்கள். ரத்தக் கொதிப்புக்கு ஒன்று, நீர் பிரிய ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு; போதாதென்று மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கியது ஒன்று. ஏன் வாங்குகிறார்? வலியோடு பாத்தியில் இறங்க முடியாது. இறங்காவிட்டால் கூலி இல்லை.

தனித்தனியே எல்லாம் நல்ல மருந்துதான். ஆனால் எனலாப்ரில், நீர் மாத்திரை, டைக்லோஃபினாக் மூன்றும் கூடினால் சிறுநீரகம் பழுதாகலாம். வெயிலில் உப்பு வாரி நீர் வற்றிய உடலுக்கு அபாயம் இன்னும் அதிகம்.

பணக்கார அமெரிக்காவிலும் இக்கேடு உண்டு. முதியோர் விடுதிகளில் இருப்போருக்கு ஆகாத மருந்துகளின் பட்டியலை 1991-ல் டாக்டர் மார்க் பியர்ஸ் குழுவினர் வெளியிட நேர்ந்தது.

தமிழக சர்க்கார் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. வரவேற்கிறோம். ஆனால் கொடுப்பது பாதி வேலை. கொடுத்ததைச் சரிபார்ப்பது மறு பாதி. ஆறு மாதத்துக்கொருமுறை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் பை முழுவதையும் பார்த்து, வேண்டாததை நிறுத்தித் தமிழில் எழுதித் தரவேண்டும் என்று கோருகிறோம்.

தோழர்களே! நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பெரியவர்களைப் பையோடு அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றும் எதற்கென்று கேளுங்கள். கேட்பது சலுகையல்ல, உரிமை!