ஷிங்கோலோப்வே: அணுகுண்டு வரலாற்றில் விடுபட்ட ஊர்

ஹிரோசிமா, நாகசாகி மீது அணுகுண்டுகள் வீசப்பட்டு 2025 ஆகஸ்டில் 80 ஆண்டுகள் நிறைவடைந்தன. ஆகஸ்ட் 6, 9 தேதிகளில் நாடெங்கும் கருத்தரங்குகளும் அமைதிப் பேரணிகளும் நடக்கும். அங்கே சொல்லப்படும் அணுகுண்டு வரலாறு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாகவே இருக்கும்: ஜெர்மனியில் அணுப்பிளவு கண்டறியப்பட்டது, ஐன்ஸ்டைன் ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் எழுதினார், ஓப்பன்ஹைமர் நியூமெக்சிகோவில் குண்டைச் செய்து முடித்தார், ட்ரூமன் வீசச் சொன்னார். 2023இல் வெளிவந்து உலகெங்கும் ஓடிய ஹாலிவுட் படமும் இதையே சொன்னது. மேதைகள், அவர்களது மனச்சாட்சி, அரசியல்வாதிகளின் பிடிவாதம் என்ற எல்லைக்குள் வரலாறு முடிந்துவிடுகிறது.

ஹிரோசிமா மீது விழுந்த குண்டில் ஏறத்தாழ 64 கிலோ யுரேனியம் இருந்தது. அது எந்த மண்ணிலிருந்து வந்தது, யார் வெட்டியெடுத்தார்கள், யார் விற்றார்கள் என்ற கேள்விகள் எழுவதே இல்லை. ஒரு சரக்கின் வரலாற்றை அதன் மூலப்பொருளிலிருந்தும் உழைப்பிலிருந்தும் தொடங்குவது நமக்குப் பழகிய முறை. அணுகுண்டுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு அளிக்கக் காரணமில்லை.

இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் குண்டுக்குப் பயன்படும் வகை 0.7 சதவீதம்தான். எனவே சில பத்துக் கிலோவைப் பிரித்தெடுக்க ஆயிரக்கணக்கான டன் தாது வேண்டும். மன்ஹாட்டன் திட்டம் பயன்படுத்திய யுரேனியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெல்ஜிய காங்கோவின் கட்டங்கா மாகாணத்தில் உள்ள ஷிங்கோலோப்வே என்ற ஒரே சுரங்கத்திலிருந்து வந்தது. 1915இல் கண்டறியப்பட்ட இந்தச் சுரங்கத்தின் தாதுவில் சில இடங்களில் 65 சதவீதம் வரை யுரேனிய ஆக்சைடு இருந்தது. அமெரிக்காவின் கொலராடோ தாதுவில் ஒரு சதவீதம்கூடக் கிடைப்பது அரிது. சுரங்கத்தின் உரிமையாளர் யூனியன் மினியேர் என்ற நிறுவனம். 1906இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் பின்னால் நின்றது பெல்ஜியத்தின் மிகப்பெரிய நிதி மூலதனக் குழுமமான சொசியெத்தே ஜெனரால். தொடக்கத்தில் அவர்களுக்கு வேண்டியது யுரேனியம் அல்ல, மருத்துவத்துக்கு விலைபோன ரேடியம். யுரேனியம் பெரும்பாலும் கழிவாகக் குவிந்து கிடந்தது.

இந்தப் பின்னணியுடன் ஐன்ஸ்டைனின் புகழ்பெற்ற கடிதத்தைப் படித்தால் அது வேறாகத் தெரியும். 1939 கோடையில் லியோ ஸிலார்டும் யூஜின் விக்னரும் ஐன்ஸ்டைனைத் தேடிச் சென்றபோது அவர்கள் மனதில் முதலில் இருந்தவர் ரூஸ்வெல்ட் அல்லர். ஐன்ஸ்டைனுக்கு நன்கு அறிமுகமான பெல்ஜிய ராஜமாதா எலிசபெத் வழியாக, காங்கோ தாது ஹிட்லருக்குப் போய்விடாமல் எச்சரிப்பதே அவர்களது எண்ணம். பின்னர்தான் முகவரி வெள்ளை மாளிகைக்கு மாறியது. ஆகஸ்ட் 2 தேதியிட்ட அந்தக் கடிதத்திலும் காங்கோ இடம்பெற்றிருக்கிறது: அமெரிக்காவிடம் தரங்குறைந்த தாதுதான் உண்டு, யுரேனியத்தின் முக்கிய ஊற்று பெல்ஜிய காங்கோ என்று ஐன்ஸ்டைன் தெளிவாகவே குறிப்பிட்டிருந்தார். அங்கே வாழ்ந்த மக்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பது அந்த நல்ல மனிதர்களுக்கும்கூடத் தோன்றவில்லை.

அதே 1939இல் பாரிசில் பிரெடெரிக் ஜோலியோ-கியூரி யூனியன் மினியேரிடம் யுரேனியம் கேட்டு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். பின்னாளில் பிரெஞ்சு கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, உலக சமாதானக் கவுன்சிலின் தலைவராக 1950இல் அணு ஆயுதங்களைத் தடை செய்யக் கோரும் ஸ்டாக்ஹோம் வேண்டுகோளை முன்னெடுத்தவர் அவர். அந்த ஆண்டே பிரெஞ்சு அரசு அவரை அணுசக்தி ஆணையத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. நம் மூத்த தோழர்கள் வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கிய அந்த வேண்டுகோளின் முதல்வரும் இந்தச் சுரங்கத்தின் வாசலைக் கடந்தே வந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

யூனியன் மினியேரின் நிர்வாகி எட்கர் சென்ஜியே இந்தத் தாதுவின் போர் மதிப்பை முன்கூட்டியே உணர்ந்துகொண்டார். 1940 பிற்பகுதியில் ஏறத்தாழ 1,200 டன் தாதுவை எஃகுப் பீப்பாய்களில் அடைத்து நியூயார்க்குக்கு அனுப்பி, ஸ்டேட்டன் தீவில் ஒரு கிடங்கில் வைத்தார். அமெரிக்க வெளியுறவுத் துறைக்குத் தகவல் சொல்லியும் இரண்டாண்டுகள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1942 செப்டம்பர் 18 அன்று மன்ஹாட்டன் திட்டத்தின் கர்னல் கென்னத் நிக்கோல்ஸ் சென்ஜியேயின் நியூயார்க் அலுவலகத்துக்குச் சென்றார். கிடங்கில் இருந்த தாதுவும் காங்கோவில் வெட்டித் தயாராகக் கிடந்த 3,000 டன்னும் கைமாறுவதற்கு அந்த ஒரு சந்திப்பு போதுமானதாக இருந்தது. ஒப்பந்தம் ஒரு காகிதத்தில் கையால் எழுதப்பட்டது. தாதுவில் உள்ள ரேடியத்தின் உரிமையை மட்டும் நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டது. வியாபாரி வியாபாரியாகவே இருந்தார்.

அதே நிறுவனத்தின் பெல்ஜியக் கிடங்குகளில் இருந்த யுரேனியம் 1940 மே மாதத்துக்குப் பிறகு நாஜிகளின் அணுத் திட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1945 ஏப்ரலில் ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட் நகரில் அமெரிக்க உளவுக்குழு கைப்பற்றிய சுமார் 1,100 டன் யுரேனியச் சரக்கு அதுதான். ஹிட்லரின் ஆய்வுக்கூடமும் லாஸ் அலமோஸும் ஒரே சுரங்கத்தின் வாடிக்கையாளர்கள்.

சுரங்கத்துக்குள் இருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது? 1941 டிசம்பரில் யூனியன் மினியேரின் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். எலிசபெத்வில் நகரின் விளையாட்டரங்கில் திரண்ட அவர்கள் மீது காலனியப் படை சுட்டது. பல பத்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பாசிசத்துக்கு எதிரான போரின் பெயரால் ‘உற்பத்தி நிற்கக் கூடாது’ என்ற கட்டளை காங்கோவில் இப்படி நிறைவேற்றப்பட்டது. நீர் நிரம்பி மூடிக்கிடந்த ஷிங்கோலோப்வேயை அமெரிக்க ராணுவத்தின் உதவியுடன் மீண்டும் திறந்தபோது, வேலைக்கு இறங்கியவர்களிடம் அந்தக் கல் எங்கே போகிறது என்றோ அதன் தூசு உடலை என்ன செய்யும் என்றோ சொல்வாரில்லை. போருக்குப் பின் சென்ஜியேவுக்கு அமெரிக்க அரசு உயரிய பதக்கம் அணிவித்தது. பீப்பாய்களை நிரப்பியவர்களின் பெயர்களை நூல்களில் தேடிப் பார்த்தால் கிடைப்பதில்லை.

கனடாவிலும் இதே கதைதான். கிரேட் பேர் ஏரிக்கரையின் எல்டொராடோ சுரங்கத்திலிருந்து தாது மூட்டைகளை முதுகில் சுமந்தவர்கள் டெனே பழங்குடியினர். பின்னாளில் அவர்களில் பலர் புற்றுநோயால் இறக்க, அவர்களது டெலினே கிராமத்துக்கு விதவைகளின் ஊர் என்று பெயரானது. 1998 ஆகஸ்டில் அவர்களது தூதுக்குழு ஒன்று ஹிரோசிமாவுக்குச் சென்று, தாங்கள் சுமந்த தாது உங்களைக் கொன்றது என்று வருத்தம் தெரிவித்தது. குண்டு செய்த அரசு இன்றுவரை சொல்லாத சொல் அது.

தாதுவை வாங்கியதோடு வாஷிங்டன் நிற்கவில்லை. 1944 ஜூனில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் ஒரு கூட்டு அமைப்பை உருவாக்கினர். உலகிலுள்ள யுரேனியம், தோரியம் அனைத்தையும் தங்கள் பிடிக்குள் கொண்டுவருவதே அதன் பணி. தலைவர், மன்ஹாட்டன் திட்டத்தின் ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸ். செப்டம்பரில் பெல்ஜியத்தோடு உடன்படிக்கை ஏற்பட்டு, காங்கோ தாதுவின் மீது இரு அரசுகளுக்கும் முன்னுரிமை கிடைத்தது. அப்போது சோவியத் படை ஐரோப்பாவில் ஹிட்லரின் முதுகெலும்பை முறித்துக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டாளியிடம் இதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லப்படவில்லை. 1945 மார்ச் 15 அன்று 600க்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் பெர்லினுக்கு அருகே ஓரானியன்பர்க் நகரின் அவர் கம்பெனி ஆலையைத் தரைமட்டமாக்கின. நாஜிகளுக்காக யுரேனியம் சுத்திகரித்த ஆலை அது. ஆனால் குறி நாஜிகள் அல்லர். ஆலை சோவியத் படையின் கையில் சிக்கக் கூடாது என்பதே நோக்கம் என்று குரோவ்ஸ் தமது நினைவு நூலில் தாமே எழுதினார். குண்டு வெடிப்பதற்கு முன்பே பனிப்போர் தொடங்கிவிட்டதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

(சோவியத் குண்டும் தூய கைகளால் செய்யப்பட்டதல்ல. கிழக்கு ஜெர்மனியின் விஸ்முட் சுரங்கங்களில் தொடக்க ஆண்டுகளில் தொழிலாளர்கள் பட்ட பாட்டையும் நாம் படிக்க வேண்டும். ஏகபோகத்தை உடைக்க வேண்டிய நெருக்கடி அதை விளக்கும், நியாயப்படுத்தாது.)

இந்த ஓரானியன்பர்க் ஆலையிலிருந்து ஒரு நூல் நம் தென்கோடிக்கு நீள்கிறது. அவர் கம்பெனிக்கு அந்தப் பெயர் காஸ் விளக்கின் மேண்டிலைக் கண்டுபிடித்த ஆஸ்திரிய வேதியியலாளர் அவரிடமிருந்து வந்தது. நம் கிராமக் கூட்டங்களில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் தந்த அதே மேண்டில்தான். அதற்குத் தோரியம் வேண்டும். தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அந்த மணலை மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இனங்கண்டார். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 35 ஆண்டுகள் கழித்து, அணு எரிபொருளாகத் தோரியமும் மாறக்கூடும் என்று குரோவ்ஸின் அமைப்பு கணக்கிட்டபோது திருவிதாங்கூரின் மணல் அவர்களது பட்டியலின் முன்வரிசையில் நின்றது.

இந்த மணலை நம்பித்தான் திவான் சி.பி.ராமசாமி ஐயர் பிரிட்டனோடு தனிப் பேரம் பேசினார். 1947 ஜூனில் இந்திய யூனியனில் சேராத சுதந்திரத் திருவிதாங்கூரை அறிவித்தபோது அவரது துணிச்சலின் ஒரு பகுதி அந்த மணலில் இருந்தது. அதற்கு எட்டு மாதங்களுக்கு முன், 1946 அக்டோபரில், ‘அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில்’ என்ற முழக்கத்துடன் புன்னப்புராவிலும் வயலாரிலும் கயிறு தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் திவானின் துப்பாக்கிகளை எதிர்கொண்டார்கள். தங்கள் கடற்கரை மணலுக்கும் அணுகுண்டுக்கும் உள்ள தொடர்பை அவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அந்த ஆட்சியின் கால்களை ஆட்டங்காண வைத்தது அவர்களது குருதிதான். சுதந்திர இந்தியா 1948இல் அணுசக்திச் சட்டம் இயற்றியதும், 1950இல் மோனசைட்டுக்காகப் பொதுத்துறை நிறுவனம் அமைத்ததும் இந்தப் பின்னணியில்தான்.

காங்கோவுக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை. 1960 ஜூன் 30 அன்று விடுதலை. பதினோராம் நாள் கட்டங்கா பிரிந்துபோனதாக ஷோம்பே அறிவித்தார். அவருக்குப் பணம் தந்தது யூனியன் மினியேர். 1961 ஜனவரி 17 அன்று பாட்ரிஸ் லுமும்பா அதே கட்டங்காவில் கொல்லப்பட்டார். யுரேனியத்துக்காகவே அவர் கொல்லப்பட்டார் என்று சிலர் எழுதுவது மிகை. அதற்குள் அமெரிக்காவுக்கு வேறு சுரங்கங்கள் கிடைத்துவிட்டன. செம்பும் கோபால்ட்டும் போதுமான காரணங்கள். ஆனால் கட்டங்காவை விட்டுக்கொடுக்க முடியாத சொத்தாகப் பார்க்கும் பழக்கம் வாஷிங்டனுக்கு 1942இலேயே ஏற்பட்டுவிட்டது.

இன்னொரு தொடர்பையும் சொல்ல வேண்டும். குரோவ்ஸுக்காக உலகமெங்கும் யுரேனியமும் தோரியமும் எங்கே கிடைக்கும் என்று துழாவிய நிறுவனம், ஓக் ரிட்ஜில் யுரேனியத்தைச் செறிவூட்டும் கே-25 ஆலையை நடத்திய நிறுவனம், கொலராடோவில் தாது வெட்டிய நிறுவனம் எல்லாம் ஒரே குடும்பம்: யூனியன் கார்பைடு. ஓக் ரிட்ஜ் ஆலைகளின் நிர்வாகத்தை அது 1984 மார்ச் இறுதி வரை வைத்திருந்தது. அங்கிருந்து வெளியேறிய எட்டு மாதங்களில், டிசம்பர் 2-3 இரவில், போபால் நிகழ்ந்தது. அமெரிக்க அரசுக்காக நடத்திய அணு ஆலையில் விபத்துச் சுமையை அரசே ஏற்றது. போபாலில் 1989இல் 47 கோடி டாலரோடு கணக்கை முடித்துக்கொள்ள நம் அரசு ஒப்புக்கொண்டது. லாபம் கம்பெனிக்கு, ஆபத்து மக்களுக்கு என்ற விதி இரு கண்டங்களிலும் ஒன்றாகவே இயங்கியது.

போபால் வழக்கின் தீர்ப்பு நாட்டைக் கொதிக்க வைத்த 2010இல்தான் அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. கருவி விற்ற கம்பெனியின் குறைபாட்டால் விபத்து நேர்ந்தால் அந்தக் கம்பெனியிடம் இழப்பீட்டைத் திரும்பக் கோரலாம் என்ற 17ஆவது பிரிவின் விதி, இடதுசாரிகள் உள்ளிட்டோரின் வற்புறுத்தலால் இடம்பெற்றது. அன்று முதல் அமெரிக்க அணு உலைக் கம்பெனிகளுக்கு அது கண்ணில் விழுந்த மண்ணாக இருந்தது. 2025 பிப்ரவரி 1 நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர், அணுசக்தியில் தனியாரை அனுமதிக்க அணுசக்திச் சட்டமும் இந்த இழப்பீட்டுச் சட்டமும் திருத்தப்படும் என்று அறிவித்தார். 2047க்குள் 100 கிகாவாட் என்ற இலக்கும் அதோடு சொல்லப்பட்டது.

ஆகஸ்ட் கூட்டங்களில் பேசப் போகும் தோழர்கள் ஹிரோசிமாவோடு ஷிங்கோலோப்வேயின் பெயரையும் சொல்லட்டும். கிகாவாட் கணக்கைப் படிக்கும் முன், 17ஆவது பிரிவுக்கு என்ன ஆனது என்று பாருங்கள்.