வளையலும் உபகாரச் சம்பளமும்

இராமேசுவரத்தில் பிறந்து, இராமநாதபுரம் ஷுவார்ட்ஸ் பள்ளியில் பயின்று, பின்னர் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் இளமைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை நம் வட்டாரத்து அங்கத்தினர் பலரும் அறிவர். 1950களில் சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் கற்க அவருக்கு இடம் கிடைத்தது. சேருவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. தமக்கையார் ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் திரட்டித் தந்தார். தம் சம்பாத்தியத்தைக் கொண்டே அந்நகைகளை மீட்பது என்று தம்பி உறுதி பூண்டார்.

இதனை மேடைகளில் கேட்கும்போதெல்லாம் நம் நெஞ்சம் நெகிழ்கிறது. தமக்கையின் அன்பைப் போற்றுதல் முறையே. ஆயினும், நகைக்கடன் பேரேடுகளோடு நாள்தோறும் பழகும் கூட்டுறவாளர்களாகிய நமக்கு வேறொரு வினாவும் எழ வேண்டும். அடகு வைப்பதற்கு வளையல் இல்லாத தமக்கையரின் தம்பிமார் என்ன ஆயினர்? அவர்களுடைய வரலாற்றை எழுதி வைத்தவர் எவரும் இலர்.

விஞ்ஞானக் கல்விக்கும் தொழில் நுட்பக் கல்விக்கும் அரசாங்கம் பொதுப் பணத்தைச் செலவிடுவதன் தலையாய நோக்கம், வளையல் உள்ள வீடு, வளையல் இல்லாத வீடு என்னும் வேற்றுமையை நீக்குவதேயாகும். அந்த அளவுகோலைக் கொண்டே இத்திட்டங்களை நாம் அளந்து பார்த்தல் வேண்டும்.

இவ்வழியில் நடந்திருப்பது சிறிதன்று. 2020-ல் மருத்துவப் படிப்புகளிலும், 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் முதலிய தொழிற்படிப்புகளிலும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நூற்றுக்கு 7.5 இடங்களை ஒதுக்கித் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாறு தொழிற்படிப்புகளில் சேருவோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ஆம் நாளும், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ஆம் நாளும் தொடங்கப்பெற்றன. 2023 அக்டோபரில் தமிழகத்தைச் சேர்ந்த இஸ்ரோ விஞ்ஞானிகள் ஒன்பதின்மரைப் பாராட்டிய விழாவில், அவர்கள் பெயரால் பொறியியல் மேற்படிப்புக்கு உதவ 10 கோடி ரூபாய் தொகுப்பு நிதி அறிவிக்கப்பட்டது. 2022 ஜனவரியில் நம் மாவட்டத் தலைநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. இவற்றையெல்லாம் நாம் மனமுவந்து வரவேற்கிறோம்.

ஆயின், பணம் ஒதுக்கப்படுவது வேறு. வேண்டிய நாளில் வேண்டியவர் கைக்கு வந்து சேருவது வேறு. இதனைச் சென்ற ஆண்டு திருப்புல்லாணிப் பக்கத்துச் சங்கம் ஒன்றில் ஆய்வின்போது நேரில் உணர்ந்தோம். மிளகாய் பயிரிடும் அங்கத்தினர் ஒருவர் மனைவியின் சங்கிலியைத் துணியில் முடிந்துகொண்டு வந்திருந்தார். மகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்திருந்தது. "படிப்பு முழுவதும் இலவசமாயிற்றே, பின் நகை எதற்கு?" என்று, விதியறிந்தவர்கள் என்ற மிடுக்கோடு வினவினோம்.

"கட்டணத்தைச் சர்க்கார் கட்டுதுங்க ஐயா. பெட்டி, படுக்கை, துணிமணி, படம் வரையிற சாமான், கணக்குப் போடுற கருவி, போக வர பஸ் காசு, இதையெல்லாம் யாரு கட்டுவாங்க? மாசம் ஆயிரம் வருமாம், வரும்போது வரட்டும். பிள்ளை திங்கக்கிழமை போயாகணும்" என்றார் அவர்.

நம்மிடம் மறுமொழி இல்லை. செயலாளர் முறைப்படி கடன் வழங்கினார். கடனின் நோக்கம் என்ற பத்தியில் 'குடும்பச் செலவு' என்று பதிவாயிற்று. அரசாங்கத்தின் கணக்கில் அப்பெண்ணின் படிப்பு இலவசம். சங்கத்தின் கணக்கில் அது குடும்பச் செலவு. அவள் தாயின் கணக்கில் அது கழுத்துச் சங்கிலி. மூன்று கணக்குகளும் உண்மையே. எனினும் ஒன்றையொன்று அறியமாட்டா.

இதன் காரணம் எவருடைய கல்நெஞ்சமும் அன்று. காலக் கணக்கே காரணம். நம் பகுதியில் ஐப்பசி மழையை நம்பி விதைக்கிறோம். தை முதல் சித்திரை வரை நெல்லும் குண்டு மிளகாயும் வீட்டுக்கு வருகின்றன. கல்லூரி திறக்கும் ஆடி, ஆவணியில் குடியானவன் கையில் காசு இராது. அடுத்த உழவுக்கு விதையும் கூலியும் வேறு காத்திருக்கும். நெசவாளர் நிலையும் அவ்வாறே. பரமக்குடி, எமனேசுவரம் நெசவாளர்கள் நெய்து கொடுத்த பின்பே கூலி காண்பர். மழைக் காலத்தில் பாவு போட முடியாமல் தறி ஓய்ந்திருக்கும். மாணவர் சேர்ந்த பிறகு விண்ணப்பம், விண்ணப்பத்தின் பின் சரிபார்ப்பு, சரிபார்ப்பின் பின் வங்கிக் கணக்கில் வரவு என்னும் முறை, மாதச் சம்பளக்காரர் வீட்டுக்குத் தாங்கும். நம் வீடுகளுக்குத் தாங்காது.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று கண்ணுக்குப் புலப்படாமல் நிகழ்கிறது. பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில், பதினோராம் வகுப்புக்கு எந்தப் பாடப் பிரிவு என்று ஒரே நாளில் முடிவு செய்யப்படுகிறது. அருகிலுள்ள பள்ளியில் கணிதத்துக்கோ பௌதிகத்துக்கோ ஆசிரியர் இல்லையெனில், விஞ்ஞானப் பிரிவு வேண்டும் பிள்ளை தொலைவிலுள்ள பள்ளிக்குச் செல்ல வேண்டும். இலவசப் பேருந்துச் சீட்டும் மிதிவண்டியும் அரசு வழங்குவன நல்லவையே. ஆனால் செய்முறை வகுப்பு முடிந்த மாலையில் பேருந்தே வாராத ஊருக்கு அச்சீட்டு எவ்வாறு பயன்படும்? ஆண் பிள்ளையாயின் எப்படியேனும் வந்து சேருவான் என்பர். பெண்ணாயின், "பக்கத்துப் பள்ளியில் எது இருக்கிறதோ அதைப் படிக்கட்டும்" என்பர். அன்றே பொறியியலும் மருத்துவமும் அவளுக்கு அடைபட்டுவிடுகின்றன. கல்லூரி வாசலில் தொடங்கும் சகாயம், அவ்வாசலை அடைய இயலாதவளை எங்ஙனம் எட்டும்?

"நம் பிள்ளைகளுக்குத் தறியும் வயலும் போதாவோ? படிக்க வைத்தால் ஊரை விட்டுப் போய்விடுவார்களே" என்று மூத்த அங்கத்தினர் சிலர் கூறுவதுண்டு. இக்கூற்றில் உண்மை உண்டு. பலர் போகவே செய்வர். ஆயினும் விஞ்ஞானம் இப்போது நம்மைத் தேடி இங்கேயே வந்துள்ளது. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1949 முதல் 1971 வரை மண்டபத்திலேதான் இயங்கியது. அதன் மண்டல மையம் இன்றும் அங்குளது. இராமநாதபுரம் குண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. தரையில் காயப்போடும் மிளகாயில் பூஞ்சை நச்சு ஏறாமல் காத்தால்தான் வெளிநாட்டுச் சந்தை நிலைக்கும். சாயத்தின் தரம் அறியவும் இரசாயனம் வேண்டும். இவ்வேலைகளுக்கு எங்கிருந்தோ ஒருவர் வரத்தான் போகிறார். அவர் நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளையாக ஏன் இருத்தலாகாது? தறியில் அமர்வதும் தறியை விட்டு எழுவதும் அப்பிள்ளையின் விருப்பமாக இருக்க வேண்டும்; கையில் காசில்லாமை அதனைத் தீர்மானித்தல் தகாது.

ஆகவே அரசாங்கத்துக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் மூன்று. முதலாவது, இடம் கிடைத்த அன்றே முதல் தவணை மாணவரின் கணக்கில் வரவாக வேண்டும். சரிபார்ப்பு பின்னர் நடைபெறலாம். இரண்டாவது, கடற்கரை ஊர்களின் மேல்நிலைப் பள்ளிகளில் கணித, விஞ்ஞான ஆசிரியர் பணியிடம் ஒரு நாளும் காலியாக இருத்தல் கூடாது; ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடத்தலும் கூடாது. மூன்றாவது, விஞ்ஞானப் பிரிவில் தொலைவு சென்று படிக்கும் பெண்களுக்குப் பதினோராம் வகுப்பிலேயே உதவி தொடங்க வேண்டும்.

அரசாங்கத்தைக் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844-ல் கூட்டுறவுக் கடை கண்ட முன்னோடிகளில் நெசவாளர்களும் இருந்தனர். சில ஆண்டுகளிலேயே, இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரையைக் கல்விக்கென ஒதுக்கி, வாசக சாலையும் நூலகமும் நடத்தினர். அங்கத்தினர் கல்வி என்பது அன்றுதொட்டுக் கூட்டுறவுக் கொள்கைகளுள் ஒன்று. நம் சங்கங்கள் பெருஞ் செலவின்றிச் செய்யக்கூடியவை சில உள. ஆண்டுதோறும் சித்திரையில், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிய அங்கத்தினர் பிள்ளைகளின் பட்டியலைச் சங்க அலுவலகத்தில் தயாரிக்கலாம். அவர்களுக்குரிய உதவித் திட்டங்களையும், வேண்டிய சான்றிதழ்களையும், கடைசி நாட்களையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அறியாமல், இடையில் பள்ளி மாற்றி உரிமையை இழக்காதவாறு பெற்றோரை முன்கூட்டியே எச்சரிக்கலாம். ஆறாம் வகுப்பு முதலே பள்ளிப் பிள்ளைகளின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு 10,000 ரூபாய் வழங்கும் இன்ஸ்பயர்–மானக் திட்டத்துக்கு உள்ளூர்ப் பள்ளி விண்ணப்பித்ததா என்று தலைமையாசிரியரை அன்போடு விசாரிக்கலாம். துணைவிதிகள் இடந்தரும் அளவில், அரசுப் பணம் வரும் வரை தாங்கும் சிறு கல்விக் கடனுக்கு மகாசபையில் தீர்மானம் நிறைவேற்றலாம். பேரேட்டில் 'கல்வி' என்று தனிப் பத்தியும் தொடங்கலாம். எத்தனை நகைகள் படிப்புக்காக அடகு வருகின்றன என்று அப்போதுதான் நமக்கும் தெரியும். அரசாங்கத்துக்கும் ஆதாரத்தோடு சொல்ல முடியும்.

சேதுக்கரையை அடுத்து வாழும் நமக்கு, அணை கட்டிய நாளில் மணல் சுமந்த அணிலின் கதையை எவரும் சொல்லித் தர வேண்டுவதில்லை. சங்கத்தின் உதவி அந்த அணிலின் மணலை ஒத்ததே. ஆனால் அணிலைப் புகழ்ந்துவிட்டு அணை கட்டும் பொறுப்பை எவரும் கைவிட்டுவிடலாகாது. பெரும் பாறைகளைச் சுமக்க வேண்டியது அரசாங்கமே.

அந்த மிளகாய்க் குடியானவரின் சங்கிலி இன்னும் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. மகள் முதலாண்டுத் தேர்வில் தேறிவிட்டாள் என்று செயலாளர் தெரிவித்தார். மகிழ்ச்சியே. எனினும் அடுத்த ஆவணியில் அதே வாசலில் இன்னொரு தாயின் சங்கிலி வந்து நிற்காதிருக்க வேண்டுமாயின், வருகின்ற மகாசபையிலேயே அங்கத்தினர்கள் இதனைப் பொருளாக எடுத்துப் பேசுதல் வேண்டும்.