ஏலத்து ஜோங்கா யாருக்கு?

ஆசிரியருக்கு,

ராணுவம் கழித்த வண்டிகளை ஏலத்தில் எடுப்பது பற்றிய கட்டுரை படித்தேன். ஏல விலையோடு கணக்கை முடித்துவிட்டீர்கள். செலவே அதற்குப் பிறகுதான்.

முதலில் பெயின்ட். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதிப்படி, ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே. அந்த நிறத்துக்கு ஆசைப்பட்டுத்தானே பாதிப் பேர் வாங்குகிறார்கள்! அடுத்து ஆர்.டி.ஓ. அலுவலகம். ராணுவம் விடுவித்த தாளும் ஏலச் சான்றும் சரியாக இல்லாவிட்டால், வாங்கியது பழைய இரும்பு. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது.

ஜபல்பூரில் தயாரான ராணுவ ஜீப்பான ஜோங்காவுக்கு ஏறக்குறைய நான்கு லிட்டர் பெட்ரோல் என்ஜின். இன்றைய பெட்ரோல் விலையில் அதை வாசலில் நிறுத்தி அழகு பார்க்கலாம். உற்பத்தி நின்று கால் நூற்றாண்டாகிவிட்டதால் ஸ்பேர் பார்ட்ஸுக்கும் அலைய வேண்டும். மேக்கரைப் பக்கம் தோப்பு வைத்திருப்பவருக்கு, மழைக்காலச் சேற்றில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி உண்மையிலேயே தேவை. அவர் 1,298 சிசி ஜிப்ஸியைப் பார்க்கட்டும், அதுவும் நம்பகமான மெக்கானிக்கோடு போய். எங்கள் திருமலைக்கோயில் மலைச்சாலையில் ஏறப் பழைய ஆல்ட்டோவே போதும்.

– வாசகர் ஒருவர், பண்பொழி, தென்காசி மாவட்டம்